வேலூர்க் கோட்டையில் மூண்ட உள்நாட்டுப் போர்: கேள்வி பதில்

1614-ல் வேலூரில் வெடித்த வாரிசுச் சண்டைதான் விஜயநகர அரசைக் குலைத்தது என்று நான் சொன்னதற்கு நம் வட ஆற்காட்டு அன்பர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

காட்பாடி அன்பர்: ஐயா, விஜயநகரத்தின் தலைநகர் ஹம்பி அல்லவா? வேலூர் எங்கே வந்தது?

1565 தலைக்கோட்டைத் தோல்விக்குப் பிறகு ஹம்பி பாழாகிவிட்டது. பிறகு விஜயநகர அரசை ஆண்ட ஆரவீடு வம்சத்தார் பெனுகொண்டாவுக்குப் போனார்கள், அப்புறம் சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்தார்கள். 1586-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் வேங்கடபதி ராயர் வேலூர் நாயக்கரை அடக்கிக் கோட்டையைத் தன் வசமாக்கினார். 28 ஆண்டுகள் ஆண்டார். தலைக்கோட்டையில் விழுந்த அரசை அவர் ஓரளவு நிமிர்த்திவிட்டார் என்பதை மறக்கக் கூடாது.

குடியாத்தம் வாசகி: சண்டைக்கு யார் காரணம்? ராணியா, அண்ணன் மகனா?

என்னைக் கேட்டால் முதல் பொறுப்பு வேங்கடபதியுடையதுதான் அம்மா. பிள்ளையில்லாத அவருடைய அன்புக்குரிய ராணி ஓபாயம்மா, ஒரு குழந்தையைத் தான் பெற்றதாகக் காட்டி வளர்த்தார். தன் பிள்ளையல்ல என்று தெரிந்தும் ராயர் பல வருடம் வாயைத் திறக்கவில்லை. சாவதற்குச் சில நாள் முன்புதான், தளபதிகளைக் கூட்டி, அண்ணன் மகன் ஸ்ரீரங்கரிடம் அரச மோதிரத்தைக் கொடுத்தார். அதற்குள் ராணி வீட்டாருக்கு ஆசை வேர்விட்டிருந்தது. ஸ்ரீரங்கரும் பட்டமேறியதும் பழைய தளபதிகளின் பதவியிலும் பணத்திலும் கைவைத்தார். ராணி குடும்பத்து கொப்பூரி ஜக்கராயர் அந்த மனக்கசப்பைப் பயன்படுத்தி, அவரைக் குடும்பத்தோடு கோட்டையில் சிறைவைத்து, ராணியின் 'மகனுக்கு' முடிசூட்டினார். வணங்க மறுத்து எதிர்த்து நின்ற பெரிய தலைவர் வெலுகோட்டி யாச்சம நாயக்கர்.

சத்துவாச்சாரி கல்லூரி மாணவர்: சார், இந்தப் போரின் பெரிய திருப்பம் தோப்பூர்ப் போர்தானே?

புத்தகங்கள் அப்படித்தான் சொல்லும் தம்பி. நான் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைத்தான் சொல்வேன். அரண்மனைத் துணிகளை வெளுக்கும் தொழிலாளி ஒருவர் தினமும் காவலைக் கடந்து போய்வந்து கொண்டிருந்தார். யாச்சமர் அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அவர் துணி மூட்டைக்குள் ஸ்ரீரங்கரின் இரண்டாவது மகனை, 12 வயதுப் பையன் ராமனை, வைத்துக் கட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். அந்தக் காலத்தில் இங்கிருந்த நிலவரத்தை 1616-ல் கடிதமாக எழுதிய போர்த்துகீசியப் பாதிரியார் பர்ராதாஸ் இதைச் சொல்கிறார். மூட்டைக்குள் பையன் இருமியிருந்தாலே எல்லாம் முடிந்திருக்கும்! உயிரைப் பணயம் வைத்த அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது தீராத வருத்தம்.

அடுத்து ஸ்ரீரங்கர் சுரங்கவழியாகத் தப்பப் பார்த்து மாட்டிக்கொண்டார். யாச்சமர் கோட்டைக்குள்ளேயே ஒரு தளபதியைத் தன் பக்கம் இழுத்ததும் ஜக்கராயர் பதறிப்போய் மொத்தக் குடும்பத்தையும் ஒழித்துக்கட்ட ஆள் அனுப்பினார். மன்னர் தன் மனைவி மக்களைத் தானே கொன்றுவிட்டுச் சாகும்படி கட்டாயப்படுத்தப்பட்டார் என்கிறார் பர்ராதாஸ். இந்தக் கொடூரம் தெரியவந்ததும் ஜக்கராயரோடு இருந்த பலர் அணி மாறினார்கள். வெளியே ஒரு பையன் உயிரோடு இருந்ததால்தான் அவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் இருந்தது.

ஆம்பூர் அன்பர்: தோப்பூர் என்பது தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் உள்ள கணவாய்தானே அண்ணே?

இல்லை, அது தொப்பூர். போர் நடந்தது கல்லணைக்குப் பக்கத்தில். இப்போது தோகூர் என்கிற ஊர்.

வாலாஜா வாசகர்: வேலூர்ச் சண்டை காவிரிக் கரைக்குப் போனது எப்படி?

வேலூரில் நிற்க முடியாமல் போன ஜக்கராயர் தெற்கே போய் மதுரை முத்துவீரப்ப நாயக்கரையும் செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கரையும் சேர்த்துக்கொண்டார். ராயருக்குக் கப்பம் கட்டுவதிலிருந்து விடுபட அவர்களுக்கும் இது நல்ல சந்தர்ப்பம். மூட்டையில் தப்பிய ராமன், அதாவது ராமதேவன், பக்கம் வந்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர் ஒருவர்தான். எதிரிகள் காவிரி அணையை உடைத்ததாகவும் ரகுநாதர் அதைச் சரிசெய்ததாகவும் தஞ்சை அரசவைக் கவிகள் பாடியிருக்கிறார்கள். தஞ்சைக்குச் சோறு போடும் அணை அது; ரகுநாதர் களமிறங்கிய வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. போரில் யாச்சமர் கையால் ஜக்கராயர் மாண்டார். செஞ்சி நாயக்கர் கோட்டைகளை இழந்தார்.

ஆரணி வாசகி: நியாயம் ஜெயித்ததே, பிறகு ஏன் அரசு விழுந்தது?

பையன் பட்டத்துக்கு வந்துவிட்டான், சரி. ஆனால் மன்னரை நாயக்கர்கள் தேர்ந்தெடுக்கலாம், அவர் பேச்சைக் கேட்காமலும் இருக்கலாம் என்பது இந்தப் போரில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஜக்கராயரின் தம்பி எதிராஜர் சண்டையை விடவில்லை. ராமதேவர் அவர் மகளையே மணந்து சமாதானமாக வேண்டியிருந்தது. மதுரை, செஞ்சி, தஞ்சை மூன்றும் பிறகு ஒரே கொடியின் கீழ் மனமொத்து நிற்கவே இல்லை. 1640-களில் பீஜப்பூர்ப் படை வந்தபோது, அப்போதைய ராயரான மூன்றாம் ஸ்ரீரங்கரால் வேலூரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இராணிப்பேட்டை அன்பர்: 1806 சிப்பாய்ப் புரட்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. இடம் மட்டும்தான் ஒன்று. அது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக 1806 ஜூலை 10-ஆம் தேதி நடந்தது. அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.