நெஞ்சில் 'தொம்' என்று விழும் அந்த ஓர் இடி

கேள்வி: எனக்கு வயது 46. ஓராண்டாக அவ்வப்போது இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்த துடிப்பை நெஞ்சுக்கூட்டுக்குள் 'தொம்' என்று இடிப்பதுபோல் உணர்கிறேன். சில நாட்களில் பத்து நிமிடம் வரை விட்டுவிட்டு இப்படி நடக்கிறது. இதயநோய் மருத்துவர் ஈசிஜி, எக்கோ, 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவு எல்லாம் எடுத்துப் பார்த்தார். இவை முன்கூட்டியே வரும் துடிப்புகள் என்றும், இதயத்தின் அமைப்பில் குறையேதும் இல்லை என்றும் சொன்னார். ஆனாலும் இரவில் படுத்தவுடன் இது வந்துவிட்டால், மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் பயப்படாமல் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. சொன்னவுடன் விலகிவிடுகிற பயம் அல்ல இது. ஆகவே அந்த இடி என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டலைத் தொடங்கிவைக்கிறது. ஓய்வில் இருக்கும்போது இது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை நடக்கும். சில வேளைகளில் இதயத்தின் வேறோர் இடத்திலுள்ள செல்கள், அந்தக் கணுவின் முறை வருவதற்கு முன்பே ஒரு தூண்டலை அனுப்பிவிடுகின்றன. அப்போது கீழறை ரத்தத்தால் முழுமையாக நிரம்பியிருக்காது என்பதால், அந்தத் துடிப்பு வலுவின்றி, பல நேரங்களில் நாடியில் தட்டுப்படாமலேயே போய்விடுகிறது. அதையடுத்துச் சற்று நீண்ட இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் கீழறை கூடுதலாக நிரம்பிக்கொள்வதால், அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. தவறிவிட்டதாக நீங்கள் நினைப்பது முந்திக்கொண்டு வந்த துடிப்பு. உங்களைத் திடுக்கிடவைக்கும் 'தொம்' என்பதோ, இதயம் தன் ஒழுங்குக்குத் திரும்பிய முதல் துடிப்பு. இடி விழும்போது இதை நினைவில் கொண்டுவர முடிந்தால், அதுவே பாதித் துணை.

இரவில் ஏன் அதிகம் என்பதற்கும் காரணம் உண்டு. ஓய்வில் துடிப்பின் வேகம் குறைவதால் முந்துகிற துடிப்புகளுக்கு இடம் கிடைக்கிறது. இடப்பக்கமாகப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குவதால் அதிர்வு நன்றாகத் தெரிகிறது. பகலில் கவனத்தை இழுத்துக்கொண்ட வேலைகளும் அப்போது இல்லை. இதற்குமேல் நீங்கள் பயந்துவிட்டால் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அது துடிப்பின் வேகத்தைக் கூட்டுவதோடு, சிலருக்கு முந்துகிற துடிப்புகளையும் பெருக்கிவிடுகிறது. பயம் துடிப்பையும் துடிப்பு பயத்தையும் வளர்க்கிற இந்தச் சுழலைத்தான் நீங்கள் அறுக்க வேண்டும்.

அமைதியாக இருக்கும்படி மனதுக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை; ஆனால் மூச்சு கேட்கும். எழுந்து முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்காருங்கள், அல்லது வலப்பக்கமாகத் திரும்பிப் படுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, உதட்டைச் சற்றுக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். நொடிக்கு ஓர் எண் என்ற கணக்கில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் இப்படியே தொடருங்கள். மூச்சை வெளியே விடும்போது, இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, இதயம் இயல்பாகவே சற்று மெதுவாகிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பதற்றத்தில் பெரிது பெரிதாக, வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல்நுனிகளும் உதடும் மரத்துப்போய்த் தலை சுற்றும், அதையும் இதயக்கோளாறு என்றே மனம் எடுத்துக்கொள்ளும். எண்ணுவதில் மனம் நிற்கவில்லையென்றால், ஒரு புத்தகத்தை எடுத்து நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். பேச்சு மூச்சை வெளியே விடும்போதே நடப்பதால், வெளிமூச்சு தானாக நீண்டுவிடும்.

நாடி பார்ப்பதைக் கைவிடச் சொல்லமாட்டேன், ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தலைமாட்டில் ஒரு சிறு நோட்டு வைத்து, தேதி, தொடங்கிய நேரம், எண்ணிக்கை, நாடி சீராக இருந்ததா, அதற்குமுன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சில வாரக் குறிப்புகள் உங்கள் மருத்துவருக்கு நிறையச் சொல்லும்: தூக்கக்குறைவு, மது, காஃபின், காய்ச்சல், உடலில் நீர் குறைவது, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவை சிலருக்கு இதைத் தூண்டிவிடும். தைராய்டு, ரத்தசோகை, பொட்டாசியம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்யப்படவில்லையென்றால் அவற்றையும் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உங்கள் வகைதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 220 துடிப்புகள் வரை சீராக ஓடித் திடீரென்று நின்றுவிடும் எஸ்விடி என்ற மிகைவேகத் துடிப்பு வகை உண்டு. அதற்கு வயிற்றை இறுக்கி 15 விநாடி முக்கிவிட்டு, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடிக்கச் செய்யும் முறையை 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தபோது, 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. கால்களை உயர்த்தாமல் முக்க மட்டும் செய்யும் பழைய முறையில் இது 17 சதவீதம்தான். உங்களுக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரே சொல்லி, நேரில் கற்றுத்தர வேண்டும். கழுத்து ரத்தக்குழாயை நீங்களாகவே அழுத்திப் பார்ப்பது, குறிப்பாக வயதானவர்களுக்கு, ஆபத்தானது.

அமைதியாக இருப்பது என்றால் பேசாமல் சகித்துக்கொள்வது என்று பொருளல்ல. நெஞ்சுவலி, மயக்கம் அல்லது மயக்கம் வருவதுபோன்ற நிலை, மூச்சுத்திணறல், சற்றும் குறையாத மிகை வேகம் ஆகியவற்றில் எது வந்தாலும் மூச்சுப்பயிற்சியில் நேரத்தைக் கழிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள். உடற்பயிற்சியின்போது மயங்கி விழுந்தவர்களும், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நிகழ்ந்தவர்களும் படபடப்பு லேசாக இருந்தாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. அது வரும்போது அவரைவிட நான்தான் அதிகம் பதறிவிடுகிறேன். அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்: இந்த வகையில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. நிதானமான மூச்சு அவருடைய பதற்றத்தைத் தணிக்குமே தவிர, இதன் தாளத்தைச் சரிசெய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை அவருக்கு எழுதப்பட்டிருந்தால் ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள். பயத்தில் எந்த மாத்திரையையும் இரட்டிப்பாகவும் கொடுக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் அவரை உட்காரவைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். நிமிடத்துக்கொரு தரம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பது அவருடைய கவனத்தை மீண்டும் நெஞ்சுக்கே இழுத்துச்செல்லும், அதற்குப் பதிலாக அவருடன் சேர்ந்து நீங்களும் மெதுவாக மூச்சு விடுங்கள். உங்கள் பதற்றமும் அதிலேயே அடங்கும். எத்தனை மணி நேரம் நீடித்தால், எந்த வேகத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்டு, மருந்துப் பட்டியலுடன் ஒரே தாளில் எழுதிவையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்தத் தாளில் உள்ள எந்தக் கணக்கையும் பார்க்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தையும் அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.