மதில் ஏறுதலும் ஊர்க்கொள்ளையும்

கேள்வி: வீட்டிலிருந்த பழைய ஆங்கில வரலாற்று நூலொன்றில் ‘டைரெப்ஷன்’ என்ற சொல்லைக் கண்டேன். ‘டைரெக்ஷன்’ என்பதன் அச்சுப்பிழை என்று எண்ணினேன். அடுத்த பக்கத்திலும் அதுவே வருகிறது. இதன் பொருள் என்ன? தமிழில் நிகரான சொல் உண்டா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அச்சுப்பிழை அன்று. பிய்த்துப் பறித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், பிடிபட்ட ஊரைச் சூறையாடுவதைக் குறிக்கும். இன்று அகராதிக்கு வெளியே காண்பது அரிது. மதிலை உடைத்துப் புகுந்து ஊரைப் பிடிப்பதற்கு ‘எக்ஸ்பக்னேஷன்’ என்று வேறொரு சொல் இருந்தது.

இரண்டையும் சேர்த்தே பேசியதற்குக் காரணம் உண்டு. கோட்டைச் சுவரில் பிளவு விழுந்த பின்னும் சரணடைய மறுத்த ஊரைத் தாக்கிப் பிடித்தால், அதைக் கொள்ளையிடுவது படைவீரரின் உரிமை என்பதே ஐரோப்பியப் போர்வழக்கம். நம் பக்கத்தில் இதற்குத் தெளிவான சான்று திப்பு சுல்தானின் தலைநகரான சீரங்கப்பட்டணம். 1799 மே 4 அன்று பிளவின் வழியாக ஆங்கிலப் படை ஏறிப் புகுந்தது. திப்பு வீழ்ந்த அன்றிரவு முழுவதும் வீடுவீடாகக் கொள்ளை நடந்தது. மறுநாள் ஊரின் பொறுப்பை ஏற்ற ஆங்கிலப் படை அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி, வீரர் சிலரைத் தூக்கிலிட்ட பிறகே அது அடங்கியது. ஆனால், தூக்குக்கயிறு ஒழுங்கின்றி எடுத்தவனுக்குத்தான்; முறைப்படி எடுப்பதற்குக் குழுவே இருந்தது. பொன்தகடு போர்த்திய திப்புவின் அரியணையை உடைத்துப் பங்கிட்டது அந்தக் குழுதான்.

தமிழுக்கு வருவோம். ‘சூறையாடல்’ என்றால் எல்லோருக்கும் புரியும். போர்ப் பாட்டுகளைத் திணை என்றும், அதன் உட்பிரிவான துறை என்றும் வகுக்கும் புறப்பொருள் இலக்கணத்தில் இதைவிடத் துல்லியமான பெயர் இருக்கிறது. சேர மரபினர் என்று சொல்லப்படும், ஆகவே நீங்கள் உங்கள் பக்கத்துக்காரர் என்றே உரிமை கொண்டாடத்தக்க ஐயனாரிதனார், தம் புறப்பொருள் வெண்பாமாலையில் பகைவர் ஊரைக் கொள்ளையிட்டு வெறுமையாக்குவதை ‘மழபுல வஞ்சி’ என்றும், எரியூட்டுவதை ‘உழபுல வஞ்சி’ என்றும் பிரித்துக் கூறுகிறார். மதிலை முற்றுகையிட்டு ஏறிப் பிடிப்பது உழிஞைத் திணையில் அடங்கும். ஆக, உங்கள் சொல்லுக்கு மழபுல வஞ்சியே நெருக்கமானது. கரிகாலனைப் பாடும் புறநானூற்று 7ஆம் பாட்டுக்கு இத்துறையும் கூறப்படுகிறது. பகைவர் ஊர் எரிகிற வெளிச்சத்தில், அழுகுரல்களுக்கு நடுவே கொள்ளையிடுவதை இரவுபகல் பாராமல் நீ விரும்புகிறாய் என்று புலவர் மன்னனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். இதைப் புகழ்ச்சி என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பிய வழக்கத்துக்குச் சட்டத்தில் முற்றுப்புள்ளி வைத்தவை போர்முறை பற்றி நாடுகள் ஒப்புக்கொண்ட 1899, 1907ஆம் ஆண்டுகளின் ஹேக் விதிகள். தாக்கிப் பிடித்த ஊராயினும் அதைக் கொள்ளையிடக் கூடாது என்று அவற்றின் 28ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘தாக்கிப் பிடித்த ஊராயினும்’ என்று தனியே எழுத வேண்டியிருந்தது அந்தப் பழைய உரிமையை மனத்தில் வைத்துத்தான்.