இரண்டு காக்கைவன்னியன்கள்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குக் காக்கைவன்னியன் வேஷம். அதோடு ஓ.எல். முடியும்வரை வகுப்பில் என் பேரே 'காக்கை'. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை வெள்ளைக்காரருக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன்தானே? போன கிழமை அம்மம்மா, "அவன் சங்கிலியனையெல்லோ பிடிச்சுக் குடுத்தவன்" என்கிறா. எது சரி? பண்டாரவன்னியன் யாழ்ப்பாணம் வரை வந்தவரா?

ஒரு வாசகன், கொண்டாவில்

அன்புள்ள தம்பி,

அம்மம்மாவில் பிழையில்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையில் காக்கைவன்னியன் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பக்கம் நின்று யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பிடித்துக்கொடுக்கிறான். யாழ்ப்பாண அரசு விழுந்தது 1619இல். பண்டாரவன்னியன் கதை நடந்தது 1803இல். இடையில் 184 வருஷம். ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்த்திருக்க முடியாது.

1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. அந்தச் சூட்டோடு ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அங்கிருந்த ஆங்கிலப் படைக் கப்டன் வொன் டிறிபேர்க் வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினார். ஆக, முதலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர் டிறிபேர்க்தான்! வன்னிப்படை ஆனையிறவு மட்டும் வந்தது. குடாநாட்டின் படலை அது. வன்னி யானைகளைக் கடலேரிக்குள்ளால் இறக்கிக் கொண்டுவந்த துறை. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கட்டியதும் யானைதான். அங்கே ஒல்லாந்தர் கட்டிய சின்னக் கோட்டையொன்றும் இருந்தது.

பிறகு டிறிபேர்க் ஆட்களோடு திரும்பி வந்தார். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் நின்ற கல் சொன்னது அதைத்தான்: இந்த இடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்ரோபர் 1803. ஆங்கிலத்தில் ஒரே வசனம், அதிலும் டிறிபேர்க்கின் பேர்தான் முன்னுக்கு. ஓகஸ்டில் வள்ளமேறியது கல்லில் இல்லை, அதை ஆர் வெட்டுவான்? ஆனால் ஒன்று கவனியுங்கோ. தோற்கடித்தார் என்று மட்டுந்தான் கிடந்தது. கொன்றார் என்றில்லை. காட்டிக்கொடுத்தவன் பேச்சேயில்லை.

அவன் வந்தது எங்கட வாய்வழியாலதான் என்று நினைக்கிறன். எங்கட வீரன் சும்மா தோற்றான் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழும்பாது. கூட இருந்தவன் குழி பறித்திருக்க வேணும். அதற்குச் சங்கிலியன் கதையிலிருந்தே பேர் ஒன்று கைவசம் கிடந்தது. எட்டப்பன் என்றால் ஊர், காலம் கேட்கிறோமா? அதுபோலத்தான்.

அம்மம்மாவிடம் ஒன்று கேளுங்கோ: சங்கிலியன் பிடிபட்ட இடத்தை அவ எப்படிச் சொல்லுவா? போனில் பதிந்து, அவவின் சொல் மாறாமல் எழுதி அனுப்புங்கோ. உங்கட நாடகப் படம் இருந்தால் அதையும்.