வேனை வீடாக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் படியுங்கள்

கேள்வி: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். லீவு விட்டால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். மாமியாருக்கு மூட்டுவலி, லாட்ஜ் படி ஏற முடிவதில்லை. அதனால் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்னச் சமையல் மேடை, தண்ணீர் டேங்க் வைத்து கேம்பர் வேனாக மாற்ற ஆசை. 2015 மாடல் டெம்போ டிராவலர், 12 சீட், டி போர்டு (வாடகை) வண்டி ஒன்று புரோக்கர் மூலம் வந்திருக்கிறது. "ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 கையில இருக்கு, பேர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் புரோக்கர். கரூரில் ஒரு பாடி கட்டும் பட்டறையில், "ஆர்.டி.ஓ. பிரச்சினை எதுவும் வராது" என்கிறார்கள். ஜிபே மூலம் புரோக்கருக்கு ரூ.50,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். இப்போது ஒருவர், இப்படி மாற்றுவதே குற்றம் என்கிறார். என்ன செய்வது? வண்டி சும்மா நிற்கும் நாட்களில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடலாமா?
– வாசகர் ஒருவர், நாமக்கல்

பதில்: பட்டறைக்காரர் தகடை வெட்டும் முன் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. வெட்டிய பிறகு வருகிறவர்களுக்கு என்னால் அதிகம் செய்ய முடிவதில்லை.

குற்றம் என்று சொன்னவர் பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில், இந்தப் பிரிவை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். சீட்டைக் கழற்றியது ஒன்று, ஜன்னல் வெட்டியது ஒன்று, கூரையில் துளை போட்டது ஒன்று என்று கணக்கு ஏறும்.

ஆனால் "மாற்றம்" என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும்படியான கட்டமைப்பு மாற்றம். சீட்டுக்கு மேல் விரிக்கிற மெத்தை, தூக்கி வைக்கிற பெட்டி, கேன் தண்ணீர், மடக்கு மேஜை இவையெல்லாம் அதில் வராது என்பது என் கருத்து. ஏழு சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கட்டில் வெல்டிங் செய்தால் நிச்சயம் வரும். சீட் எண்ணிக்கை ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கிறது, அதை மறைக்க முடியாது.

முறையான வழியும் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று போக்குவரத்து அல்லாத (வாடகைக்கு ஓடாத) வாகனங்களில் ஒரு தனி வகையே உண்டு. ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதி, உட்கார இருக்கையும் மேஜையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை உள்ள வண்டியைத்தான் மோட்டார் கேரவன் என்கிறது. நீங்கள் கேட்பது அப்படியே அதுதான். சிக்கல், அந்தப் பெயரில் வண்டி செய்கிறவரிடம் சோதனைச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும், புனேயிலும் இருப்பது போன்ற சோதனை நிலையங்கள் தருவது அது. கரூர் பட்டறையில் கேளுங்கள்: "இந்த மாடலில் கேரவன் செய்ய உங்கள் பெயரில் சான்றிதழ் இருக்கிறதா, காப்பி கொடுங்கள்." கொடுத்தால் தொடரலாம். "அதெல்லாம் வேண்டாம் சார், நாங்க பாத்துக்குறோம்" என்றால், செக்கிங்கில் வண்டியை நிறுத்தும்போது பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள் இல்லை, உங்கள் பிள்ளைகள்.

இனி புரோக்கர் விஷயம். கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 எதையும் முடித்து வைப்பதில்லை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஃபார்மை பீரோவில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் வண்டி ஓட்டியது. நடுவில் பழைய ஓனர் இறந்துவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம், அதில் ஒருவர் வெளிநாட்டில். ஒரு கையெழுத்துக்காக அந்தக் குடும்பம் அலைந்த அலைச்சலைப் பார்த்தவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அந்த ஓனரிடம் சொல்லிப் பாருங்கள், பெயர் மாற்ற அவரே அவசரப்படுவார்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வண்டியை மாற்றி அமைக்க ஆர்.டி.ஓ.விடம் அனுமதி கேட்க வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர். பெயர் மாறாமல் நீங்கள் அந்த மனுவையே போட முடியாது. வாங்கிய பிறகு அனுமதி மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதனால் விலை பேசும்போதே, இப்போதைய ஓனர் கையெழுத்திட்ட மனுவோடு, என்ன மாற்றம், எத்தனை சீட் மிஞ்சும் என்று ஒரு வரைபடமும் சேர்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பண்ணலாம்" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் மறுத்தால் 57-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வெளிப்படையாகச் சொன்னால், இந்த டி போர்டு வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதை ஓன் போர்டாக்க பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், பாக்கி வரி கட்ட வேண்டும், வரி வகையும் மாறும். மாற்றாமல் வைத்துக்கொண்டால், எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். உள்ளே கட்டில் இருக்கும் வண்டிக்கு எஃப்.சி. எப்படிக் கிடைக்கும்? தொடக்கத்திலிருந்தே தனியார் பெயரில் ஓன் போர்டாக ஓடிய வேனைத் தேடுங்கள். அல்லது ஆர்.சி.யிலேயே கேம்பர் வேன் என்று இருக்கும் பழைய வண்டி கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான் உங்களுக்கு லாபம்.

எந்த வண்டியானாலும் அரசின் வாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு ஹெச்.பி. (வண்டி மீதான கடன் பதிவு) இருக்கிறதா, அபராதம் பாக்கியா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்று சொன்னால் போதாது, ஃபார்ம் 35 வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துப் பேப்பரில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் புதிதாக வெல்டிங்கோ பெயின்ட்டோ தெரிந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. இல்லாமல் தொடாதீர்கள். இங்கே கட்டும் வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு உங்கள் எல்.எம்.வி. லைசென்ஸே போதும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால், வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

கேஸ் சிலிண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் வழியில் சமைத்துச் சாப்பிடத்தான் நினைத்தார்கள். அதைவிடச் சின்ன அறை உங்கள் வேன். வண்டியை நிறுத்தி, வெளியே இறங்கிச் சமையுங்கள். ஓடும்போது ஐந்து பேரும் பெல்ட் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும். மாமியாருக்குக் கால் நீட்டப் படுக்கை, வண்டி நின்ற பிறகுதான்.

வாடகைக்கு விடக் கூடாது, தெரிந்தவருக்கும்தான். சொந்த உபயோக வண்டியில் பணம் வாங்கினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம், அபராதம் ரூ.10,000, சிறையும் உண்டு. இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது.

இப்போது உங்கள் 50,000. பணம் போனது புரோக்கருக்கு, ஓனருக்கு இல்லை. அதனால் இந்த வாரமே புரோக்கருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள்: ஓனரை நேரில் பார்க்க வேண்டும், ஆர்.சி. நகல் வேண்டும், பெயர் மாறி மாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தால்தான் மீதிப் பணம், இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும். அட்வான்ஸ் போய்விடும் என்று நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால், முழுவதையும் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. தனக்கு உண்மையில் ஏற்பட்ட நியாயமான நஷ்டத்தைத்தான் அவர் கேட்கலாம். புரோக்கர் அனுப்பிய மெசேஜ் ஏதாவது இருந்தால் அதையும், ஜிபே ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். கோர்ட்டில் வாட்ஸ்அப்பைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதனால் போனை மாற்றாதீர்கள். அவர் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலர் என்றால் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. வெறும் புரோக்கர் என்றால் 50,000 ரூபாய்க்காக சிவில் வழக்குக்கு உடனே போகாதீர்கள். உங்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அவர்களே இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே கையெழுத்தாகும் லோக் அதாலத் தீர்வுக்கு, கோர்ட் தீர்ப்புக்கு உள்ள அதே வலிமை உண்டு.