போர் தண்ணியும் தவளை இதயமும்

செல்லுக்குள் கால்சியம் எப்படிச் சேதி சொல்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. லீவுக்குச் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தபோது, "நீ அப்படி என்னதான் பண்றே?" என்று கேட்டவர்களைக் கேள்வியாகவே எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் சில.

எங்க போர் தண்ணியில பாத்திரமெல்லாம் வெள்ளை படியுது. நீ சொல்ற கால்சியம் இதுதானா? (அம்மாபேட்டை அக்கா)

அதேதான் அக்கா. இந்தத் துறை தொடங்கியதே அப்படிப்பட்ட தண்ணீரில்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியாக எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். நன்றாகத் துடித்தது. அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் கலந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாலைநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீரில்) கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் துடிப்பு அடங்கியது. துளி கால்சியம் சேர்த்ததும் மறுபடி துடித்தது. 1883-இல் இதை எழுதினார். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் 'ஆர்' அவர்தான்.

எனக்கு அதே தண்ணீர் வினையானது. கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தைச் செல்களில் ஏற்றியிருந்தேன்; கால்சியம் இல்லாத கரைசலில் அவை இருட்டாகக் கிடக்க வேண்டிய பரிசோதனை. மூன்று வாரம் மினுக்மினுக்கென்று மின்னிக்கொண்டே இருந்தன. குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிசாக வெண்படலம். கடைசியாக அலசியது போர் தண்ணீரில்! அன்றிலிருந்து, கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் இ.ஜி.டி.ஏ. போடாத எதையும் 'கால்சியம் இல்லாதது' என்று நான் நம்புவதில்லை.

பால் நிறையக் குடித்தால் செல்லுக்குள் கால்சியம் ஏறுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சூரமங்கலம்)

ஏறாது சார். ரத்தத்தின் அளவைப் பாராதைராய்டு சுரப்பி கட்டிக் காக்கிறது. செல்லுக்குள் இருப்பதோ வெளியில் இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே வருவதைப் பம்புகள் ஓயாமல் வெளியே இறைக்கின்றன. இறைக்காவிட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து உப்பாய்ப் படிந்துவிடும். இப்படிக் காலியாக வைத்திருப்பதால்தான் கொஞ்சம் நுழைந்தாலும் அது சேதியாகிறது. ஏற்காட்டில் ராத்திரி ஒரு பைக் போனால் ஊருக்கே கேட்கும். நெரிசலான ஐந்து ரோட்டில் போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அயன் சேனல் திறந்துச்சுன்னு எப்படிம்மா தெரியும்? கண்ணுக்குத்தான் தெரியாதே? (கொலுசுப் பட்டறை அண்ணன், செவ்வாய்ப்பேட்டை)

உங்கள் வெள்ளியை வைத்துத்தான் அண்ணா! (அயன் சேனல் என்பது செல்லின் சவ்வில் கால்சியம், சோடியம் போன்ற அயனிகள் நுழையும் புரத வாசல்.) கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூராகும். அதைச் செல்லின் மேல் வைத்து, ரப்பர் குழாய் வழியாக வாயால் லேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு கப்பென்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது வெள்ளிக் கம்பி. பளபளப்பாக இருந்தால் உதவாது. ப்ளீச்சில் ஊறப்போட்டுக் கறுக்க வைப்போம், மேலே சில்வர் குளோரைடு படிய. கறுத்தால் நீங்கள் பாலிஷ் போடுவீர்கள், கறுக்காவிட்டால் எங்களுக்குக் கவலை.

பிறகு திரையில் மின்னோட்டம் நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென ஒரு படி இறங்கும், சற்று நிற்கும், பழைய இடத்துக்கே ஏறும். ஒரே ஒரு புரதம் திறந்து மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர். ஒரு பிக்கோ என்பது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் இப்படி அளந்து காட்டினார்கள், அதுவும் தவளைத் தசையில். (தவளைக்கு இந்தத் துறை ஒரு கோயிலே கட்டலாம்.) 1991-இல் நோபல்.

தட்டுவடை செட்டு சட்னி காரமா இருந்தா வாய் ஏன் 'சுடுது'? (கல்லூரி மாணவி)

மிளகாயின் கேப்சைசின், நரம்பில் டி.ஆர்.பி.வி.1 என்ற சேனலைத் திறக்கிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் திறப்பது இதே சேனல்தான். மூளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 1997-இல் இதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. சேர்வராயன் மலை மிளகில் இருக்கும் பைபரினும் இதையே திறக்கும். தண்ணீர் குடிக்காதே, மோர் குடி.

காபி குடிச்சா கால்சியம் சேனல் திறக்குமாமே? (நாகலூர்)

ஆய்வகத்தில் ஆமாம், செல்லின் கால்சியக் கிடங்கைத் திறக்கக் காஃபீன் ஊற்றுவோம். அந்த அளவு உங்கள் ரத்தத்தில் ஏறினால் ஆள் தாங்க மாட்டார். தூக்கத்தைக் கலைப்பது வேறு வழி: மூளையில் தூக்கம் வரவைக்கும் அடினோசினின் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது.

கார்பைடு கல் வச்சுப் பழுத்த மாம்பழத்துல கால்சியம் இருக்குமா? (பெயர் வேண்டாம் என்றார்)

அந்தக் கல் கால்சியம் கார்பைடுதான். ஆனால் அதில் ஈரம் பட்டு வரும் அசிட்டிலீன் வாயுதான் பழுக்க வைக்கிறது, கால்சியத்துக்கு அங்கே வேலையில்லை. அந்தக் கல்லுக்குத் தடை இருக்கிறது. மல்கோவாவை வைக்கோலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.