வாற்கோதுமை பார்த்து வைத்த ஆண்டு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

2024-ல் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் யூதர்களின் பஸ்கா பண்டிகை ஏப்ரல் 22 மாலைதான் தொடங்கியது. பஸ்காவுக்குப் பிறகுதானே இயேசுவின் உயிர்த்தெழுதல், அதெப்படி முந்தி வரும் என்று எங்கள் வேதபாடக் குழுவில் கேட்டேன். ஒருவர், “எபிரெயர்களுக்கு வானவியல் தெரியாது, வயலைப் பார்த்து மாதம் வைத்தவர்கள், அந்தக் குழப்பம்தான் இது” என்றார். உண்மையா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

வயலைப் பார்த்து ஆண்டைத் தொடங்கினார்கள் என்பது சரி. ஆனால் 2024-ன் வித்தியாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயலைப் பார்ப்பதை விட்டுவிட்டதால் வந்தது அது.

யாத்திராகமம் 9-ல் எகிப்தில் கல்மழை பெய்யும் இடத்தை எடுத்துப் பாருங்கள். வாற்கோதுமை, அதாவது பார்லி, கதிர் விட்டிருந்ததால் அழிந்தது, கோதுமை பின்தங்கிய பயிர் என்பதால் தப்பியது என்று வருகிறது. அங்கே கதிர் விட்ட நிலைக்கு எபிரெயத்தில் இருக்கும் சொல் ஆபிப். பஸ்கா மாதத்தின் பெயரும் அதேதான். நிசான் என்பது பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர், அதற்கு முன்னால் அது வெறுமனே கதிர் மாதம்.

ஏன் வாற்கோதுமை? இஸ்ரவேல் நாட்டில் முதலில் அறுப்புக்கு வருவது அதுதான். லேவியராகமம் 23-ன்படி பஸ்காவை ஒட்டி முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டிப் படைக்க வேண்டும், அதுவரை புது விளைச்சலில் அப்பமோ வறுத்த கதிரோ யாரும் வாயில் வைக்கக்கூடாது. அங்கிருந்து ஏழு வாரம் எண்ணினால் கோதுமை அறுப்பின் பண்டிகை, பெந்தெகொஸ்தே. கதிர் முற்றாமல் பஸ்கா வந்துவிட்டால் ஆசாரியன் எதைக் கையில் எடுப்பான்?

மாதத்தைப் பிறை சொன்னது, சூரியன் மறைந்ததும் மேற்கே தெரியும் அந்தக் கீற்று. 29-ம் நாள் மாலை தெரிந்தால் மறுமாதம், தெரியாவிட்டால் 30 நாள். ஆனால் பன்னிரண்டு பிறைக்கு 354 நாள்தான் ஆகிறது, சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு, அப்படியே விட்டால் சில வருடங்களில் பஸ்கா குளிர்காலத்துக்குப் போய்விடும். பதின்மூன்றாம் மாதம் சேர்க்கச் சொல்லித் தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், வெளிப்படையான கட்டளை இல்லை. ஆபிப் மாதத்தைக் கவனி என்கிறது உபாகமம் 16, கவனித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தக் கவனிப்பு எவ்வளவு கறாராக நடந்தது என்பதற்கு யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்புகளான மிஷ்னாவிலும் தால்முதிலும் நிறைய இருக்கிறது. யூதர்களின் தலைமை ரபியான ரப்பான் கமாலியேல் பிறை வடிவங்களை வரைந்து மாடியில் வைத்திருந்தார், பார்த்தேன் என்று வந்த சாட்சிகளிடம் “இப்படியா, இப்படியா” என்று அதைக் காட்டிக் கேட்பார். மாதம் பிறந்ததை ஒலிவமலை தொடங்கி மலைக்கு மலை தீப்பந்தம் காட்டிப் பாபிலோன்வரை அறிவித்தார்கள். ஆண்டை நீட்டிக்க மூன்று அடையாளங்களைப் பார்த்தார்கள்: கதிர், மரத்தின் கனி, சூரியனின் பருவத் திருப்பம். மூன்றில் இரண்டு பின்தங்கினால் ஒரு மாதம் சேரும். ஆக, வானமும் கணக்கில் இருந்தது, வானவியல் தெரியாதவர்கள் என்பது அநியாயம். எனக்கு மிகவும் பிடித்தது, எருசலேம் ஆலய மலைப் படியில் உட்கார்ந்து ரப்பான் கமாலியேல் தூரதேசத்து யூதர்களுக்கு எழுதச் சொன்ன கடிதம். புறாக்குஞ்சுகள் இன்னும் பிஞ்சு, ஆட்டுக்குட்டிகள் சிறிசு, கதிருக்குக் காலம் வரவில்லை, எனவே நானும் என் தோழர்களும் இந்த ஆண்டுக்கு முப்பது நாள் சேர்த்திருக்கிறோம் என்கிறார். பலியிட வேண்டிய உயிர்களையும் பார்த்துத்தான் மாதத்தைத் தள்ளியிருக்கிறார் மனிதர்.

சரி, 2024-க்கு வருவோம். ஆலயம் அழிந்து, மக்கள் சிதறி, ஒரே இடத்திலிருந்து அறிவிப்பது கடினமானபோது நிலையான கணக்குக்கு மாறினார்கள். கி.பி. 358 வாக்கில் யூதர்களின் தலைவர் இரண்டாம் ஹில்லேல் அதைச் செய்தார் என்பது மரபு. 19 ஆண்டில் ஏழு முறை கூடுதல் மாதம், இதில் 2024 அப்படி ஒரு நீண்ட ஆண்டு. கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் சூரியனைவிட ஏறக்குறைய 216 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்குகிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்த நழுவலால் சில ஆண்டுகளில், பௌர்ணமியை ஒட்டி வரும் பஸ்கா ஒரு பௌர்ணமி தள்ளிப் போகிறது. மேற்கத்திய ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்தே வருவது, ஆனால் அது 1582-ல் திருத்தப்பட்ட கிரெகொரியக் கணக்கில் ஓடுவதால் முந்திய பௌர்ணமியையே பிடித்துக்கொள்கிறது. வயலைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இந்த நழுவல் சேர்ந்திருக்காது, கதிரே இழுத்துப் பிடித்திருக்கும். தால்முதை ஏற்காமல் வேதத்தை மட்டுமே பின்பற்றும் கராயிட் யூதர்களில் சிலர் இன்றும் பஸ்காவுக்கு முன்னால் வயல்களில் இறங்கி வாற்கோதுமையைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை குழுவில் யாத்திராகமம் 9-ஐயும் 12-ஐயும் சேர்த்தே வாசியுங்கள். கல்மழையில் விழுந்த கதிருக்கு அப்புறம்தான், இந்த மாதம் உங்களுக்கு முதல் மாதம் என்ற கட்டளை வருகிறது.