பழைய ஆண்ட்ராய்டில் டூல்பாருக்கு நிழல் விழவில்லையா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்குக்காகச் சரக்கு இருப்புச் செயலி எழுதுகிறேன். என் போனில் டூல்பாருக்கு (திரையின் உச்சியில் உள்ள பட்டை) கீழே நிழல் அழகாக விழுகிறது. கிடங்கில் உள்ள ஆண்ட்ராய்டு 4.4 டேப்லெட்டில் சுத்தமாக இல்லை. டூல்பாரும் பட்டியலும் ஒட்டிக்கொண்டு ஒரே பலகை மாதிரித் தெரிகின்றன. நிழலின் அளவைத் தீர்மானிக்கும் எலிவேஷனை 4 டிபியிலிருந்து (டிபி: ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) 16 வரை ஏற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: எவ்வளவு ஏற்றினாலும் விழாது. எலிவேஷன் என்பதே 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல், அதாவது ஏபிஐ (பதிப்பைக் குறிக்கும் எண்) 21இல்தான் அறிமுகமானது. அதற்கு முந்தைய சாதனங்கள் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். பிழைச் செய்திகூட வராது. பழைய சாதனங்களுக்கான துணை வகுப்பான வியூகம்பேட் வழியாக வைத்தாலும் செயலி கிராஷ் ஆகாது என்பதோடு சரி. டூல்பாரைச் சுற்றி வைக்கும் ஆப்பார்லேஅவுட்டும் 4.4இல் நிழல் தராது. அட்டை போன்ற பெட்டியான கார்டுவியூ மட்டும் பழைய சாதனத்தில் தன் நிழலைத் தானே வரைந்துகொள்ளும். அதற்காக டூல்பாரைக் கார்டுவியூவுக்குள் திணிக்க வேண்டாம்: நிழலுக்கு இடம் விட அது நான்கு பக்கமும் பேடிங் எடுத்துக்கொள்ளும், திரையின் ஓரங்களில் இடைவெளி தெரியும்.

ஆகவே நிழலை நாமேதான் வரைய வேண்டும். படங்களை வைக்கும் டிராயபிள் கோப்புறையில் ஒரு ஷேப் (வடிவத்தை விவரிக்கும்) கோப்பு போதும். அதில் கிரேடியன்ட்டின் (படிப்படியாக மாறும் நிறப்பூச்சு) தொடக்க நிறம் #33000000, நடு நிறம் #11000000, முடிவு நிறம் #00000000, கோணம் 270. 90 என்று போட்டால் நிழல் தலைகீழாகிவிடும். முடிவு நிறமாக ஒளிபுகும் வெள்ளையை வைக்காதீர்கள். கறுப்பு வழியிலேயே சாம்பலாக வெளுத்து, அழுக்குக் கோடு போல நிற்கும்.

தொடக்க நிறத்தின் முதலிரு இலக்கங்களான #33 என்பது 20 விழுக்காடு கருமை. அலுவலக மேசையில் இது அளவாக இருக்கும். லாரி நிற்கும் வாசலில், சென்னை வெயிலில் டேப்லெட்டைப் பிடித்தால் நிழல் இருக்கும் இடமே தெரியாது. உங்கள் செயலிக்கு #55 வரை போகலாம்.

இனி அதை எங்கே வைப்பது? பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கூறுகளை வரிசையாக அடுக்கும் லீனியர்லேஅவுட்டில் டூல்பாருக்கும் பட்டியலுக்கும் நடுவே 5 டிபி உயர வியூவாக (திரைக்கூறு) நிழலைச் செருகுவார்கள். அப்போது நிழல் பட்டியலின் மேல் விழாது. தனக்கென்று ஒரு பட்டையைப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரோல் செய்தால் வரிகள் அந்தப் பட்டைக்குக் கீழேயே வெட்டுப்படும். டூல்பாருக்குக் கீழே, கூறுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் ஒரு ஃப்ரேம்லேஅவுட் வைத்து, உள்ளே முதலில் பட்டியலையும் அடுத்து நிழல் வியூவையும் எழுதுங்கள். எழுதிய வரிசையில்தான் வரையப்படும் என்பதால் கடைசியில் வருவது மேலே நிற்கும்.

தனி வியூ வேண்டாமென்றால் அந்த ஃப்ரேம்லேஅவுட்டின் ஃபோர்கிரவுண்டாகவே (உள்ளடக்கத்தின் மேல் வரையப்படும் படம்) ஷேப்பைக் கொடுக்கலாம். அதற்கு ஷேப்பில் உயரம் 5 டிபி என்று சைஸும், லேஅவுட்டில் ஃபோர்கிரவுண்ட் கிராவிட்டியாக (எந்தப் பக்கம் ஒட்டி நிற்பது) மேல்புறம், கிடைமட்ட நிரப்பல் இரண்டும் வேண்டும். விட்டுவிட்டால் திரை முழுக்க நிழல் இழுபடும். கோஆர்டினேட்டர்லேஅவுட் என்றால் நிழல் வியூவை ஆப்பார்லேஅவுட்டுக்கு ஆங்கர் செய்து (அதோடு கட்டி), ஆங்கர் கிராவிட்டி, லேஅவுட் கிராவிட்டி இரண்டையும் பாட்டம் ஆக்குங்கள்.

5.0இலும் அதற்கு மேலும் இந்த நிழலை நீக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அசலும் போலியும் சேர்ந்து இரட்டை நிழலாகும். உயரத்தை, அளவுகளுக்கான டைமன்ஸ் கோப்பில் வையுங்கள்: வேல்யூஸில் 5 டிபி, வேல்யூஸ்-வி21இல் 0 டிபி. கான்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அங்கே 0 என்றால் 'கட்டுப்பாட்டுக்கு ஏற்ப நீள்' என்று பொருள். அங்கே கோடில் ஏபிஐ எண்ணைச் சோதித்து, 21உம் அதற்கு மேலும் என்றால் வியூவை கான் (GONE, இடமே பிடிக்காமல் மறைவது) ஆக்கிவிடுங்கள்.

புதிய போனிலும் நிழல் காணாமல் போனால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, டூல்பாருக்குப் பின்னணி நிறம் இருக்கிறதா. பின்னணியின் விளிம்பை வைத்துத்தான் நிழல் உருவாகிறது. இன்னொன்று, டூல்பாரைச் சுற்றியுள்ள லேஅவுட் அதே உயரத்தில் முடிகிறதா. அப்படியானால் நிழல் வெட்டுப்படும். எலிவேஷனையும் பின்னணியையும் அந்த வெளி லேஅவுட்டுக்கே மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டுஎக்ஸ் நூலகங்களின் (கூகுளின் துணை நூலகங்கள்) புதிய பதிப்புகள் ஏபிஐ 21 அல்லது அதற்கும் மேல் கேட்கின்றன. 4.4 வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றான ஆப்கம்பேட்டை 1.6.1இலேயே நிறுத்துங்கள். பில்டு முரண்டு பிடித்தால் ஓவர்ரைட்லைப்ரரி (குறைந்தபட்ச ஏபிஐ சோதனையைத் தாண்டச் சொல்லும் கட்டளை) போட்டு அடக்காதீர்கள். பில்டு ஓடும், கிடங்கில் கிராஷ் ஆகலாம். நிழலின் இடத்தை ஏபிஐ 19 (அதாவது 4.4) எமுலேட்டரிலேயே, கணினியில் ஓடும் போலிச் சாதனத்திலேயே, சரிபார்க்கலாம். கருமையை மட்டும் கிடங்கு டேப்லெட்டிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள். மலிவான திரைகளில் கிரேடியன்ட் படிப்படியாக உடைந்து தெரிவது எமுலேட்டரில் புலப்படாது.